கால்தான் உடைந்திருக்கிறது

உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், நான் இன்று வேலைக்குத் திரும்புகிறேன் என்று. மாமியாருக்கும் புருஷனுக்கும் நடுவே வாயைத் திறக்காதே என்று என் அம்மா படித்துப் படித்துச் சொன்னாள். இதோ, இந்தச் சீட்டில் திறந்துவிட்டேன்.

நேற்று உங்கள் கட்டிலோரம் உட்கார்ந்து, பழைய சட்டைகளை வெட்டி, துண்டுதுண்டாகச் சேர்த்துப் போர்வை தைத்தேன். நீங்கள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. அதற்குள், "இப்படியே வீட்டோட இருந்துடேன், வேலை எதுக்கு?" என்றீர்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி போர்வை தைக்கவா படித்தாள்?

உங்களுக்குக் கால்தான் உடைந்திருக்கிறது, கைக்கு ஒன்றுமில்லை. மீதியை நீங்கள் தையுங்கள். அத்தை மதியம் வரும்போது போர்வையை ஒளித்துவைக்காதீர்கள்.

பி.கு.: சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. மாத்திரையை மறக்காதீர்கள். எழுப்பினால் கெஞ்சுவீர்கள், நான் இளகிவிடுவேன். அதனால் எழுப்பாமலே கிளம்பிவிட்டேன்.