கயிற்றுக்கும் ஒரு பங்கு

செப்டம்பர் 22, திங்கள்

ஐந்தரை மணிக்கு வண்டி கிளம்பிவிட்டது. முன்னால் டிரைவர் பக்கத்தில் என் பேத்தி சத்யா. பின்னால் எட்டு ஆள், இரண்டு மெஷின் ரம்பம், இட்லிக் குண்டான். எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் இதுவரை எந்தப் பொண்ணாவது நகராட்சி காண்டிராக்ட் எடுத்திருக்கிறாளா? டவுனில் ரோட்டோரம் இருபத்திரண்டு தூங்குமூஞ்சி மரம். மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். பேப்பரில் அவள் பெயர், கீழே அவள் கையெழுத்து! ஐந்தாவது வரைக்கும் படித்த நான் அதை மூன்று தடவை படித்தேன். அவள் அப்பன் சிங்காரம், என் மகன், "கடல்ல போற ஆளுங்களுக்கு மரத்தப் பத்தி இன்னாமா தெரியும்"னு முணுமுணுத்தான். தெரியாமலா? கயிறு கட்டத் தெரிந்தவனுக்கு மரம் என்ன, படகு என்ன.

செப்டம்பர் 27, சனி

பதின்மூன்று மரம் முடிந்தது! பதின்மூன்று!! நாளைக்கு லீவு. வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைக்கப் போகிறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

வேலையை நிறுத்திவிட்டார்கள். யாரோ மரத்தை வெட்டக் கூடாது என்று மனு கொடுத்தார்களாம். கமிட்டி வந்து பார்க்கிற வரைக்கும் கை வைக்கக் கூடாதாம். பதினொரு மணிக்குப் போன். அப்போது மூன்று மரம் பாதியில் நிற்கிறது. இரண்டில் கிளை மட்டும்தான் கழித்திருக்கிறார்கள், அதில் பயமில்லை. மூன்றாவது பெரிய மரம். ஒரு பக்கத்துக் கிளை எல்லாம் போய், மறுபக்கத்துப் பாரத்தோடு ரேஷன் கடை மேல் சாய்ந்து நிற்கிறதாம்.

சத்யா எனக்குப் போன் செய்தாள். "ஆயா, அப்படியே வுட்டுட்டு வந்துடச் சொல்றாங்க."

"கட்டாம வந்தீங்கன்னா வூட்டுக்குள்ள சேக்க மாட்டேன். தருமன்கிட்ட குடு போன"னு கத்தினேன்.

தருமன் எங்கள் படகில் தண்டல், படகை நடத்துகிறவன். கயிற்று வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. சிங்காரம் படகுக்கு என்று வாங்கி வைத்திருந்த புதுக் கயிறு, நூற்றைம்பது மீட்டர், வண்டியில்தான் இருந்தது. புயலுக்குப் படகைக் கட்டுகிற மாதிரி நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறான். சிங்காரத்துக்கு இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 1, புதன்

சொல்லிவிட்டேன். ரெண்டு வேளை பேசவில்லை. சாப்பிட்டான்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆட்கள் நாலு நாளாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டு பேருக்குக் கூலி பாக்கி, தீபாவளி இருபதாம் தேதி. அதனால் இதுவரை செய்த வேலைக்கு பில் போடலாம் என்று சத்யா உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பில் எழுதுவதைப் பார்க்கவே எனக்குக் கையெல்லாம் துருதுருவென்று இருந்தது.

முழு மரம் பதின்மூன்று என்று எழுதினாள். பாதி மரம் மூன்றை என்ன செய்வது என்று பேனாவைக் கடித்தாள். நான்தான் சொன்னேன் - பதினாறுன்னு போடுடீ. நாற்பது வருசம் ஏலத்தில் மீன் எடுத்தவள் நான். கூடை ரெண்டு விரல் குறைந்தாலும் முழுக் கூடை என்றுதான் கூவுவார்கள். ஒருத்தனும் கேட்டதில்லை.

போட்டுவிட்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

பில் திரும்பி வந்துவிட்டது. பதினாறைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். நகராட்சி எஞ்சினியர் சிவசங்கர் சார் தன் அளவுப் புத்தகத்தைக் காட்டி, "இதுல பதின்மூணுதாம்மா இருக்கு. பொய் பில் போட்டா அடுத்த டெண்டர்ல பேரே இருக்காது"ன்னாராம்.

பொய் பில். என் பேத்தியைப் பார்த்து.

அவள் பில்லை மடித்து ஃபைலில் வைத்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எதுக்கு நான் வாயைத் தொறந்தேன்? கூடையும் மரமும் ஒண்ணா?

அக்டோபர் 8, புதன்

திருத்தி எழுதிக்கொண்டு போனாள். முழுசு பதின்மூன்று, பாதி மூன்று. நான் யோசித்து யோசித்து இன்னொரு வரி சொன்னேன். எங்கள் பக்கம் கடலுக்குப் போய் வந்தால் ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. கயிறு பத்து நாளாக மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அதற்குப் பங்கு கிடையாதா? இது பொய் இல்லையே.

மத்தியானம் போன். "ஆயா, பாதி மரத்துக்குக் கிளை கழிச்ச காசு தர்றேன்றாரு. கயித்துக்கு எஸ்டிமேட்ல ஐட்டமே இல்லியாம். சிரிக்கிறாரு."

சாயங்காலம் டிவியில் காற்றழுத்தம் என்றார்கள். சிங்காரம் நேராக வந்து நின்றான். "எம்மா, எனக்குக் கயிறு வேணும். படகு போச்சுன்னா உன் பேத்தி பில்லு போட்டுத் தருவாளா?"

அவன் கேட்பது நியாயம்தான். கயிறு அங்கே சும்மா கிடப்பதாகத்தானே அந்த சார் சொல்கிறார்? -

இரு. இரு. அதான்!

அக்டோபர் 9, வியாழன்

எப்படி எழுதுவேன்!

சிங்காரம், தருமன், நான் மூன்று பேரும் டவுனுக்குப் போனோம். ரேஷன் கடை வாசலில் நீள வரிசை. எஞ்சினியர் மரத்தைப் பார்க்க வந்திருந்தார், சத்யா பக்கத்தில் ஃபைலோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போச்சு அவளுக்கு.

"சார், இந்தக் கயிறு உங்க கணக்குல இல்லியாமே?"

"ஆமா பாட்டிம்மா, அப்படி ஐட்டம் கிடையாது."

"சரி சார். கணக்குல இல்லாத பொருளு இங்க எதுக்கு? என் புள்ளைக்குப் படகு கட்டணும். தருமா, அவுத்துடு."

தருமன் போய் முடிச்சில் கை வைத்தான். அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்து மரம் ஒரு முனகல் முனகியதே! ரேஷன் வரிசை பையும் கேனுமாகச் சிதறியது. எடை போடுகிற அம்மா உள்ளேயிருந்து, "யோவ், அவுக்காதய்யா! உள்ள மனுசி இருக்கேன்!" என்று அலறினாள்.

"பாட்டிம்மா, வேணாம், கை எடுக்கச் சொல்லுங்க! கடை மேல வந்துடும்!" - எஞ்சினியர்.

"அப்போ இந்தக் கயிறு இத்தினி நாளா இன்னா சார் பண்ணிகினு இருக்குது?"

எடை போடுகிற அம்மாதான் பதில் சொன்னாள்: "வேலை செய்யுது, வேற இன்னா?"

தருமனிடம் வண்டியிலேயே சொல்லி வைத்திருந்தேன், கை மட்டும் வை, அவிழ்க்காதே என்று. அது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

பிறகு பங்குக் கணக்கைச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். "அந்தப் பதினாறு என் வாய் சார். பொண்ணு மேல தப்பு இல்ல." எஞ்சினியர் நாலு பக்கக் கயிற்றையும் சுற்றிப் பார்த்தார். எஸ்டிமேட்டில் இல்லாத வேலைக்குத் தனியாக எழுதி மேலே கையெழுத்து வாங்க ஒரு வழி இருக்கிறதாம். "எந்தத் தேதில கட்டுனீங்க?" என்று பேனாவை எடுத்தார். "இருவத்தொம்பது, பதினோரு மணி"ன்னேன். சத்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வண்டியில், "மானத்த வாங்கிட்ட ஆயா"ன்னாள். கொஞ்ச தூரம் போனதும் சிரிக்க ஆரம்பித்து, வழியில் திருப்பாலைவனம் வரைக்கும் நிறுத்தவில்லை. சிங்காரம்கூடச் சிரித்தான்.

கயிறு மரத்திலேயே இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

காற்று. படகை அக்கம்பக்கத்துப் பழைய கயிறு மூன்றை முடிந்து கட்டியிருக்கிறான் சிங்காரம். அந்தக் கயிறு தாங்குமா? இந்தக் கயிறு தாங்குமா?

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். படகு இருக்கிறது. ஏழு மணிக்கு டவுனிலிருந்து சத்யாவுக்குப் போன் - மரமும் இருக்கிறது!

அக்டோபர் 16, வியாழன்

கமிட்டி வந்து பார்த்துவிட்டது. பெரிய மரத்தை மட்டும் வெட்டலாம், மீதி எல்லாம் நிற்கட்டும் என்றார்களாம். தருமன் கயிற்றிலேயே தாங்கி, கடை ஓடு ஒன்று நகராமல் இறக்கிவிட்டான். கயிறு வீடு வந்தது, மரப்பிசின் கறையோடு. பதினெட்டு நாள் ஆகிறது.

அக்டோபர் 18, சனி

பேங்கில் பணம் ஏறிவிட்டது. முழு மரம் பதினான்கு, கிளை கழித்தது இரண்டு, கயிறு பதினெட்டு நாள். சும்மா உட்கார்ந்த நாளுக்கு ஒரு காசு தரவில்லை. அதற்கு நான் இன்னும் வழி யோசிக்கவில்லை. எட்டு பேருக்கும் கூலி கொடுத்தாயிற்று. தருமன் வீட்டில் முறுக்கு வாசனை இங்கே வருகிறது. கயிற்றுப் பணத்தை சத்யா அவள் அப்பனிடம் நீட்டினாள். "உன் பங்கு, நைனா."

வாங்கிக்கொண்டான். எண்ணவில்லை.

ஜனவரி 21, புதன்

டவுனில் அடுத்த ரோட்டுக்கு டெண்டர். சத்யா ஒரு பேப்பரைக் கொண்டுவந்து, "ஒம்பதாவது ஐட்டத்தப் படி ஆயா"ன்னாள். கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'இடையில் நிறுத்தப்பட்ட மரத்தைக் கயிறு கட்டிப் பாதுகாத்தல், நாள் ஒன்றுக்கு.'

இரண்டாவது தடவை கண்ணாடி இல்லாமலே படித்தேன்.

சிங்காரம் தன் கயிற்றை இனி தரமாட்டானாம். அவளே இருநூறு மீட்டர் வாங்கிவந்து வாசலில் போட்டிருக்கிறாள். புதுக் கயிறு முறுக்கிக்கொள்ளும். முறுக்கு இளகட்டும் என்று உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.