விளக்கை ஏமாற்றிய மின்விசிறி

மே 6

நான் குளியலறையில் இருக்கும்போதே இன்றும் விளக்கை அணைத்துவிட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்; இது எத்தனையாவது தடவை என்று கணக்கே இல்லை. "நான் உள்ள இருக்கேன்!" என்று கத்தினால், "சத்தமே இல்லையே, யாரும் இல்லைன்னு நெனச்சேன்" என்பார். மின்சாரச் சிக்கனத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது என் வேலை; பைத்தியம் பிடித்திருப்பது என்னவோ அவருக்கு.

அலுவலகத்தில் புதுக் கோப்பு வந்திருக்கிறது. புதுப்பித்த நகர நூலகம். வடிவமைத்தவள் பென்சில். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதனால் அந்தப் பெயர். பழைய கம்பெனியில் என் கீழே வேலை கற்றவள். இப்போது இரண்டு பேரை வைத்துக்கொண்டு தனியாக நடத்துகிறாள்.

மே 8

நேற்று மகள் என் வேலையைப் பற்றிக் கேட்டாள். உளறிக்கொட்டினேன். ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். மின்சாரம் குறைவாகச் செலவாகும்படி கட்டினால் கட்டடத்தின் சொந்தக்காரருக்கு வரியில் சலுகை. கடை, ஹோட்டல் என்றால் சரி. நூலகத்தின் சொந்தக்காரர் நகராட்சி. அது யாருக்கு வரி கட்டுகிறது? அதனால் அந்தச் சலுகையை வடிவமைத்தவருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். நகராட்சி பென்சிலுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இனி வேண்டியது, கட்டடத்தை நேரில் பார்த்த ஒரு பொறியாளரின் கையெழுத்து. இந்த மாதம் முடிவதற்குள்.

போனில் பேசினாள். "இது வந்தாத்தான்க்கா ஆபீஸ் இந்த வருஷத்தத் தாண்டும். இல்லேன்னா சாவியக் கொடுத்துட்டு வந்துட வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

மே 13

பென்சிலின் கணக்கெல்லாம் சுத்தம். ஒரு இடத்தில்கூடக் கை வைக்க முடியவில்லை. எனக்கே கொஞ்சம் பெருமை.

மே 14

நூலகத்துக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். போனதும் கருவியை வெளியே எடுக்கவும் மாட்டேன். ஒரு மணி நேரம் எல்லோரையும் போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சோதிக்க ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கட்டடம் முழுக்க நல்ல பிள்ளையாகிவிடும்.

வாசிப்புக் கூடம் அழகாக இருந்தது. நல்ல வெளிச்சம், கண் கூசவில்லை. ஆனால் ஏசி ஓடுகிற கூடத்தில், ஒரு அலமாரியின் மேல், மேசை விசிறி ஒன்று மேல்நோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கம்பியில் கட்டிய சிவப்புத் துணிப் பட்டை கூரையைப் பார்த்துப் படபடத்தது. அதற்கு நேர் மேலே, அசைவைக் கண்டு விளக்கை எரியவிடும் சென்சார்.

நூலகரைக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார். "பன்னெண்டு நிமிஷம் யாரும் அசையலேன்னா கூடமே இருட்டாயிடுது மேடம். படிக்கிறவங்க டான்ஸா ஆடிக்கிட்டு இருப்பாங்க? முதல்ல ஆளுக்கு ஒரு நாள் கையாட்டுற டியூட்டி போட்டோம். பேப்பர் படிக்க வர்றவரு ஒருத்தரு, அவரு முறை வந்த அன்னிக்கு லீவு போட்டுட்டாரு. அப்புறம்தான் இந்த ஃபேன்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பேருந்தில் வரும்போது சிரிப்பு போய்விட்டது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வைத்த கருவியை ஏமாற்ற, நாள் முழுக்க ஒரு விசிறி ஓடுகிறது. விளக்கு ஒரு நிமிடம்கூட அணைவதில்லை. கணக்கில் காட்டிய மிச்சத்தில் பாதி இல்லவே இல்லை.

மே 15

படிவத்தை நான்கு தடவை படித்தேன். "கருவிகள் பொருத்தப்பட்டு இயங்குகின்றனவா?" இயங்குகின்றன. அதுதானே கேள்வி?

மே 16

பென்சிலிடம் சொன்னேன்.  "அக்கா, ஃபார்ம்ல ஃபேனுக்குன்னு கட்டம் ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

நானும் நேற்று முழுக்க அதையேதான் யோசித்தேன். அதை அவளிடம் சொல்லாமல், யார் பன்னிரண்டு நிமிடம் வைக்கச் சொன்னது என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்கதான். நீங்க கொடுத்த குறிப்பு. இன்னும் அதத்தான் வச்சிருக்கேன்."

மே 17

பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். இருக்கிறது. என் கையெழுத்து. "சென்சார் — கூடத்துக்கு ஒன்று — பன்னிரண்டு நிமிடம்." அதற்கு முந்தைய பக்கத்தின் அடியில் தலைப்பு: மாடிப்படி, நடைகூடம். நடப்பவர்களுக்காக எழுதியது. உட்கார்ந்திருப்பவர்களுக்கு அல்ல.

அவளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது ஒரே ஒரு பக்கம். தலைப்பு இல்லாத பக்கம்.

அவசரமாக எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்திருப்பேன். ஒரு பக்கம் போதும்னு நெனச்சிருப்பேன். அறிவு வேணாமா எனக்கு?

மே 20

கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட முடியாது. வடிவத்தில் என் தவறும் கலந்திருக்கிறது, நானே அதற்குச் சான்று சொல்லக் கூடாது என்று எழுதினேன். வேறு பொறியாளர் பார்க்கட்டும். திருத்திய பிறகு பார்க்கட்டும். மாதம் முடிவதற்குள் அது நடக்காது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நேரில் போய் நோட்டைக் காட்டினேன். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருக்கலாம்ல? யாருக்குக்கா தெரியப் போவுது?"

நோட்டை வாங்கிப் பையில் வைத்தேன். கிளம்பும்போது, "அந்தக் கூடத்துல நான் ஒரு நாளாவது உக்காந்து பாத்திருக்கணும்" என்றாள். அழுகை எனக்குத்தான் வந்தது.

ஜூன் 2

சாவியைக் கொடுத்துவிட்டாளாம். இரண்டு பேரையும் வேறு இடத்தில் சேர்த்துவிட்டாளாம். சொன்னது அவளில்லை, நூலகர்.

ஜூன் 9

நானே போய்க் கூப்பிட்டேன். "எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை பெரிசு. ஒரு பக்கம் உன் ஆபீசுக்கு."

"ஓசிலயா?"

"சாம்பார் கொட்டினா நான் பொறுப்பில்ல."

வந்துவிட்டாள்.

செப்டம்பர் 18

நூலகத்தில் திருத்த வேலை முடிந்தது. இந்தத் தடவை ஒரு வாரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வரைந்தாள். மேசைக்கு ஒரு சென்சார். நாற்பது நிமிடம். அப்போதும் முழுதாக அணையாது, பாதியாக மங்கும். ஜன்னலோர விளக்குகள் வெயிலைப் பார்த்துத் தாமாகக் குறைந்துகொள்ளும். கணக்கு தேறுகிறது, ஆனால் விளிம்பில்.

ஏப்ரல் 24

திருத்திய கூடத்துக்குச் சான்றிதழ் வந்துவிட்டது; பென்சிலுக்கு இந்த வருடம் சலுகை உண்டு. கையெழுத்து வேறொருவருடையது. போன வாரம் போய்ப் பார்த்தாராம். அவர் என் வேலை வழக்கத்தைக் கேட்டிருந்தார். முதலில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். இன்று போன் செய்தார். "மேடம், வெளில சொல்லிடாதீங்க. நல்லாத் தூங்கிட்டேன். நூலகர்தான் வந்து எழுப்புனாரு. லைட்டு அப்பவும் எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சு."

பென்சிலிடம் சொன்னேன். சிரித்தாள். இது வேறு சிரிப்பு. அடுத்த மாதம் ஆபீசுக்கு இடம் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு வரைபடத்தில் குனிந்தவள்தான், ஆறு மணிக்கும் நிமிரவில்லை.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஒவ்வொரு அறையாக அணைத்துக்கொண்டே வந்தார். சாப்பாட்டு அறையில் சத்தமே இல்லை. சுவிட்சில் கை வைத்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, தலையை நீட்டி உள்ளே பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.