எல்லாரும் வயசு என்றார்கள்

ஜனவரி 14

மழை. துணி காயவில்லை. என் வீட்டுக்காரர் கத்தால்தோ பால்கனிக் கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அதிமதுர வேரை மென்றபடி கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிகரெட்டை விட்டு நாலாவது மாதம். மீசை முளைத்த நாளிலிருந்து பிடித்த மனுஷன், விட்டுவிட்டார்! பக்கத்து வீட்டு மரியாங்கெலா, "என்னடி மந்திரம் போட்டே ஒர்சோலா?" என்று கேட்கிறாள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வாய்க்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமைச் சந்தைக்குப் போனால் ஒரு கட்டு வேர் வாங்கி வருகிறேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

ஜனவரி 23

டாக்டர் மாலாராவிடம் போனோம். இவருக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. கணுக்கால் வேறு வீக்கம். டாக்டர் இவரை விட்டுவிட்டு என்னைத்தான் முறைத்தார்.

"அத்தை, உண்மையைச் சொல்லுங்க. சமையல்ல எவ்வளவு உப்பு போடுறீங்க?"

எல்லாரும் போடுற உப்புதான் என்றேன். "வேற ஏதாவது மருந்து, கஷாயம், பச்சிலை?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லையே" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில். நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதினார். கிளம்பும்போது மேஜைமேல் இருந்த டப்பாவைத் திறந்து, தான் சப்பும் கறுப்பு அதிமதுர மிட்டாயில் ஒன்றை எடுத்து இவர் கையில் வைத்தார். "சிகரெட்டை விட்டதுக்குப் பரிசு, மாமா."

ஜனவரி 24

உப்பில் நெத்திலி ஊறப்போட்ட ஜாடியை மரியாங்கெலாவிடம் கொடுத்துவிட்டேன். காரப் பன்றி இறைச்சியும் அவளுக்கே போயிற்று. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். என் வீட்டில் அது மேஜைக்கு வருகிறது.

"இது பாஸ்தாவா, தலையணைப் பஞ்சா?" என்றார்.

"வாயை மூடிட்டுத் தின்னுங்க" என்றேன்.

பிப்ரவரி 8

சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, லிஃப்ட் இல்லாமல் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறுகையில், இரண்டாம் மாடியிலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கவில்லை, வலியும் இல்லையாம். தொடையில் பலமே இல்லை. "கால் என்னுது மாதிரியே இல்லைடி. யாரோ கழட்டி மாத்தி வச்சுட்டாங்க."

தண்டவாளம் சரிபார்க்கும் வேலையில் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் தினமும் நடந்தவர். அந்தக் காலைப் பார்த்துத்தான் எங்கள் அப்பா பெண் கொடுத்தார்.

பிப்ரவரி 15

அழுத்தம் இறங்கவில்லை. இன்னொரு மாத்திரை. வீக்கமும் வடியவில்லை என்று நீர் மாத்திரையை இரண்டாக்கிவிட்டார் டாக்டர். காலைப் பற்றிக் கேட்டேன். "எழுபத்தாறு ஆச்சே அத்தை, வயசுதான்" என்றார்.

வயசு! மருந்துக்கடைக்காரி வயசு என்கிறாள். மரியாங்கெலா வயசு என்கிறாள். போன வருஷம் எழுபத்தஞ்சு — அப்போ ஏறினாரே, கையில தக்காளிக் கூடையோட! ஒரு வருஷத்துலயா காலை வயசு தின்னுடும்?

பிப்ரவரி 16

இன்றும் கீழே இறங்கவில்லை.

மார்ச் 3

குளியலறையில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, மாதா காப்பாற்றினாள். என்னால் தூக்க முடியவில்லை. மரியாங்கெலாவும் அவள் புருஷனும் ஓடி வந்தார்கள். தரையில் கிடந்தபடியே, "துறைமுகத்துக்குப் போன் போட்டுக் கிரேனை வரச் சொல்லுங்க" என்று சிரிக்கிறார். சிரித்த வாய் ஒரு பக்கம், என்னை விடாத கை ஒரு பக்கம். அந்தக் கையை நான்தான் பிடித்திருந்தேன், எனக்குத் தெரியும்.

மார்ச் 8

வடக்கே தூரின் நகரத்திலிருந்து மகன் ஃபொர்த்துனாத்தோ பேசினான். அவன் வீட்டருகே முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறதாம். லிஃப்ட் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறாள், ஈஸ்டர் கழிந்ததும் ஓர் அறை காலியாகிறது.

"அம்மா, நீ ஒத்தையா அவரை எத்தனை தடவை தூக்குவே?"

"எங்க ரெண்டு பேருக்கும் இடம் இருக்காடா?"

"இப்போதைக்கு அப்பாவுக்கு மட்டும்தாம்மா."

அவனைத் திட்ட முடியவில்லை. அவன் சொன்னதில் தப்பில்லை. தப்பிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

மார்ச் 19

புனித சூசையப்பர் நாள். மகன் வந்திருந்தான். உப்பு இல்லை, ஆனால் சர்க்கரைக்குத் தடை இல்லையே, வழக்கம்போல் கிரீம் வைத்த பணியாரம் பொரித்தேன். சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு இவரே ஆரம்பித்தார்.

"நான் போறேன்டா அங்கே. இங்கே இருந்தா இவ முதுகு உடைஞ்சிடும்."

என்னைக் கேட்கவில்லை. என் முதுகை நான் பார்த்துக்க மாட்டேனா? நாற்பத்தொன்பது வருஷம் இவரு குறட்டையில தூங்கினவ நான். அது இல்லாம எனக்குத் தூக்கம் வருமா? அதை யாராச்சும் யோசிச்சாங்களா? அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன்.

மார்ச் 21

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் இவரால் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. நெஞ்சு ஏதோ தடுக்கித் தடுக்கி அடிக்கிறது என்றார். டாக்டர் மாலாரா வீட்டுக்கே வந்தார். நாடி பார்த்தார், முகம் சரியில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, அது வரும்வரை பால்கனிக் கதவில் சாய்ந்து நின்றார். அங்கே சின்ன மேஜையில் வேர்க்கட்டு. அதிமதுர வேரைக் கண்டால் எங்கள் ஊரில் யார்தான் மெல்லாமல் இருப்பார்? ஒன்றை உருவி வாயில் வைத்துக் கடித்தார். கடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாமா... இது ஒரு நாளைக்கு எத்தனை?"

"எத்தனைன்னா? கண்ணு முழிச்சதிலிருந்து கண்ணு மூடுற வரைக்கும். சிகரெட்டுக்குப் பதிலா."

டாக்டர் வேரை வாயிலிருந்து எடுத்தார். வெளுத்துப்போய் உட்கார்ந்தார். அளவு மீறினால் இந்த வேர் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, அழுத்தத்தை ஏற்றிவிடுமாம். பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடுமாம். அது இல்லாமல் தசைக்குப் பலமில்லை, இதயமும் தடுமாறும். மிச்சம் இருந்ததை அவர் எழுதிய நீர் மாத்திரை கழுவிக்கொண்டு போயிருக்கிறது.

"அத்தை, உங்க சமையல் மேல தப்பே இல்லை. ஆனா வேற ஏதாவது சாப்பிடுறாரான்னு நான் கேட்டேனே?"

"இதைப் போய் யாராவது சாப்பாடுன்னு சொல்லுவாங்களா டாக்டர்? இது... இது வாயில இருக்கிறது!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நானே ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். எனக்கும் தோணலை."

மார்ச் 22

ஆஸ்பத்திரி. கையில் ஊசி ஏற்றியிருக்கிறார்கள், நெஞ்சில் ஒயர்கள். பொட்டாசியம் பாதாளத்துக்குப் போயிருந்ததாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று அங்கிருந்த பெண் டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

நான்தானே வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை தவறாமல். பொறுக்கியெடுத்து, தடிமனான வேராக. இவர் கட்டிலோரம் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லி அழுதேன்.

"நீ குடுத்தா விஷமும் இனிக்குதுன்னு இப்பவாவது ஒத்துக்கோ" என்றார், கண்ணைத் திறக்காமலே.

மார்ச் 29

வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு ஆட்கள் நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கி வந்தார்கள். "போப்பாண்டவர் ஊர்வலம்" என்று இரண்டு பக்கமும் கையை ஆட்டி ஆசீர்வாதம் செய்துகொண்டே வந்தார். பலம் திரும்ப வாரக்கணக்கில் ஆகுமாம். எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. மகன் அந்த முதியோர் இல்லத்து அறையை வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 7

அழுத்தம் இறங்கிவிட்டது. ஒரு மாத்திரை குறைந்தது. கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிகிறது, எத்தனை மாதம் ஆயிற்று அதைப் பார்த்து! ஆனால் நடக்கும்போது இன்னும் சுவரைத் தடவுகிறார். வாயில் போட்டு மெல்ல ஒன்றுமில்லாத எரிச்சல் வேறு. பெருஞ்சீரகத் தண்டு நறுக்கிக் கொடுத்தேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். இனி தண்ணீர் கொடுப்பதாக இருந்தாலும் அவரைக் கேட்டுத்தான் கொடுப்பேன்.

ஏப்ரல் 13

முதல் மாடிவரை இறங்கினார். ஏறவும் ஏறினார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான், இருந்தாலும்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். ஆட்டிறைச்சியில் துளி உப்பு போட்டேன். மகன் போனில், "அடுத்த வாரம் பதில் சொல்லணும்மா, அறையை வேற யாரோ கேட்கிறாங்க" என்றான். இவர் காதில் விழுந்தது. கறியைத் தட்டிலேயே தள்ளித் தள்ளி வைத்தார்.

ஏப்ரல் 26

மத்தியானம் சண்டை. பீன்ஸில் வெங்காயம் தீய்ந்துவிட்டதாம். தன் அம்மா கையால் ஒருநாளும் தீய்ந்ததில்லையாம். "அப்போ கல்லறைக்குப் போய் அவங்களைச் சமைக்கச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன். தொப்பியை எடுத்தார், கதவை அறைந்து சாத்தினார். அறைந்த வேகத்தில் சுவரில் அழகுக்கு மாட்டியிருந்த தட்டு விழுந்து உடைந்தது.

திட்டிக்கொண்டே தட்டைப் பொறுக்கினேன். பாதி பொறுக்கும்போதுதான் உறைத்தது. ஜன்னலுக்கு ஓடினேன். கீழே சதுக்கத்தில், வெயிலில், யாரையும் எதையும் பிடித்துக்கொள்ளாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போகிறார். கோபத்தில் அவர் எப்பவும் அப்படித்தான் போவார்.

அப்போது பார்த்து மகன் கூப்பிட்டான்.

"அப்பா இருக்காராம்மா? அந்த அறை விஷயம்—"

"இல்லைடா. என்கிட்ட கோவிச்சுக்கிட்டு வெளியே போயிட்டாரு."

"போயிட்டாரா? எப்படிம்மா போனாரு?"

"எப்படிப் போவாங்க? நடந்துதான்."