உன் படத்தின் நான்கு மூலைகள்

இன்று காலை, ஊருக்கெல்லாம் இணையப் பக்கம் செய்து கொடுக்கும் நம் கடையின் சொந்தப் பக்கத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன். இப்போது எல்லாருக்கும் கூர் மூலைதான் வேண்டுமாம், கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் அதுதான் ஃபேஷனாம். வளைத்து வைத்திருந்த பட்டன்களையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே வந்தேன். 'நாங்கள்' என்ற பக்கத்தில் வட்டத்துக்குள் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அதை மட்டும் கடைசிக்கு விட்டேன்.

உன்னை என்ன செய்வது, சொல். கடையில் இல்லாத ஆளின் படம் அங்கே எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் உன் உம்மா காலைத் தொழுகை முடிந்ததும் போனில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறார். சிகிச்சைக்கென்று சென்னைக்குப் போன உன்னை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் உன்னைப் பார்க்க அவருக்கு வேறு இடம் இல்லை. "மத்ததெல்லாம் மாத்திக்க மவளே, அவள மட்டும் எடுத்துராத" என்று போன வாரம்தான் கேட்டார்.

ஷாதிபூரில் உன் வாப்பாவின் துணிக்கடை மாடியில் நாம் கடை போட்டோமே, இரண்டு பழைய கணினியும் ஒரு மின்விசிறியும் வைத்து. அந்த விசிறியும் உன் பக்கம்தான் திரும்பும். முதல் வாடிக்கையாளர் திக்லிபூரில் லாட்ஜ் வைத்திருந்த வங்காளிக்காரர்; அவர்கள் பாஷையில் அண்ணன் என்று பொருள்பட 'தாதா' என்போம். அந்தக் கணினிகளில் வட்ட மூலை தானாக வராது. நான்கு மூலைக்கும் நான்கு சின்னப் படம் வரைந்து ஒட்ட வேண்டும். நேராகவே விட்டுவிடலாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். நீ கேட்டால்தானே.

கடலடி கேபிள் வருவதற்கு முந்தைய காலம் அது. நம் தீவின் இணையத்தில் மூன்று மூலை வந்து சேர்ந்தது, நான்காவது வரவே இல்லை. தாதா போன் செய்தார். "அரே பேட்டி, ஏக் கோனா கிதர் கயா?" மூலை ஒன்றைக் காணோமாம். நீ கொஞ்சமும் அசராமல், "ஜஹாஜ் மே ஆ ரஹா ஹை, தாதா" என்றாய். கப்பலில் வந்துகொண்டிருக்கிறதாம்! மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அதற்குள் நான்காவது மூலையை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, மூலைய வளைக்காட்டி ஒனக்குச் சோறு எறங்காதோ?" என்று அன்று எரிந்து விழுந்தேன். நீ கப்பலை உதாரணம் காட்டினாய். சின்ன வயதில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அது ஆடும் ஆட்டத்தில் நாம் முட்டாத இடமில்லை, ஆனாலும் கப்பல் மேஜையில் இடித்துக் காயம்பட்டதில்லை. அதன் மூலைகள் மழுங்கியிருக்கும். "ஆடுற எடத்துல கூரு இருந்தா குத்தும்ல? நாளைக்கு நம்ம ஆளுக பாதிப் பேரு பஸ்ஸுலயும் படகுலயும் ஆடிக்கிட்டுத்தான்டி போனுல இதப் பாப்பாங்க." திரையில் இருக்கும் மூலை யாரைக் குத்தும்? சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு மூலையை வளைக்கும் பார்டர்-ரேடியஸ் என்ற கட்டளை எல்லாக் கணினியிலும் வேலை செய்ய ஆரம்பித்தது. வரைய வேண்டாம், ஒட்ட வேண்டாம், ஒரே வரியில் நான்கு மூலையும் வளைந்துவிடும். அன்றைக்கு நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே. சாயங்காலத்துக்குள் நம் பக்கத்தில் வளையாத பொருள் ஒன்றுகூட மிச்சமில்லை. உன் சதுரப் படத்துக்கு ஐம்பது சதவீத வளைவு கொடுத்து முழு வட்டமாக்கினாய். கப்பல்துறையில் ஒரு மழைநாளில் உன் உம்மா எடுத்த படம் அது. சரியாகப் பார்க்காமலே, ஓரத்தில் என்னென்னவோ தெரிகிறது, முகத்தை மட்டும் வெட்டிப் போடு என்றேன்.

"வெட்டாதடி. வெட்டுனா போயிரும். இது மறைக்க மட்டுந்தான் செய்யும், மூலையெல்லாம் உள்ளதான் இருக்கு" என்றாய்.

உன்னைக் கொண்டுபோன விமானம், விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் என் வீட்டுக்கு மேலேதான் ஏறியது. மாடியில் நின்று கையாட்டினேன், உனக்குத் தெரிந்திருக்காது. கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோதும், "பட்டன் மூலைய இன்னுங் கொஞ்சம் வளைடி, கஞ்சம்" என்றுதான் சொன்னாய். உடனே வளைத்தேன். நீ அதைப் பார்த்தாயா என்று கேட்க முடியாமலே போய்விட்டது.

இன்று அந்த ஐம்பதைப் பூஜ்யமாக்கிப் பார்த்தேன். மூலைகள் திறந்தன. கீழே ஒன்றில் கப்பலின் கயிறு, இன்னொன்றில் தேங்கிய தண்ணீர். மேலே இடப்பக்கம் வெறும் மழை. வலப்பக்கம் ஒரு குடைக்காம்பு, அதைப் பிடித்தபடி ஒரு கை. என் கை. சட்டைக் கை சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. உனக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் குடைக்கு வெளியே நின்றதையே மறந்துபோயிருந்தேன். எத்தனையோ படம் இருந்தும் நீ இதை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று இப்போதுதான் விளங்கியது. அழுதேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

பக்கம் முழுக்க நேராகிவிட்டது. உன் படத்துக்கு மட்டும் மிக லேசான வளைவு வைத்திருக்கிறேன், கை மறையாத அளவுக்கு. உம்மாவுக்கு அனுப்பியதும் அழைத்துவிட்டார்.

"மூலைல தெரியறது ஒன் கைதானே?"

"ஆமா உம்மா. அசிங்கமாத் தெரியுதோ, எடுத்துரவா?"

"எடுத்துராத மவளே. அப்புடியே புடிச்சுக்க. புள்ள நனையக் கூடாது."

பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.