நூற்றிருபதுக்கு எண்பது

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணனும் இம்மருத்துவமனைப் பதிவுப் பிரிவின் பொறுப்பாளனுமாகிய நான் எழுதுவது. சிறுநீரக நோய் ஆய்வுக்காக நீ கேட்ட கணினிப் பதிவுகளுக்குச் சான்றளிக்க இயலாது என்பதை, அலுவலகக் கடிதம் உன்னை வந்தடையுமுன் வீட்டு மனிதனாகச் சொல்லிவிடுவதே நோக்கம்.

சர்க்கரை நோய்ப் பிரிவின் பதிவுகளில் பெயர்களை நீக்கும்போதுதான் கவனித்தேன். ஏறத்தாழ எல்லோருக்கும், எல்லா வருகையிலும், இரத்த அழுத்தம் அச்சடித்தாற்போல் அதே இயல்பு அளவு, நூற்றிருபதுக்கு எண்பது. செவிலியரை விசாரித்தேன். “சார், அந்தக் கட்டத்த நிரப்பாம அடுத்த பக்கம் திறக்காது. வெளிய நிக்கிற கூட்டத்துக்கு ஒவ்வொரு கையா கட்டிப் பாத்தா, சாயங்காலம் எனக்குத்தான் பிரஷர் பாக்கணும்” என்றார். இருவர் வேலையை ஒருவராகச் செய்கிறார். கோபப்படவும் எனக்குத் தெம்பில்லை.

பெயர் நீக்கிய பதிவில் யார் எவர் என்று தேடுவது விதிக்குப் புறம்பு, தேடவில்லை. நம் அக்காவும் அந்தப் பிரிவில்தானே சர்க்கரைக்குக் காட்டி வந்தாள்; இரத்தச் சுத்திகரிப்புக்கு, அதுதான் டயாலிசிஸுக்கு, அழைத்துப் போனபோது அவளையே கேட்டேன். “கையக் கட்டிப் பாத்தாங்களாவா? அந்தப் பொண்ணு என் மூஞ்சியக்கூட நிமிந்து பாத்ததில்லடா. ஒரு தம்பி ஆஸ்பத்திரியையே கட்டி மேய்க்கிறான், இன்னொருத்தன் கிட்னிக்கே ஆராய்ச்சி பண்றான். எனக்கென்ன குறைச்சல்?” என்று சிரித்தாள். ஊசி குத்திய கையை அசைக்காமல் சிரித்தாள்.

“இவ்வளவு பேர்ல சின்னத் தப்பெல்லாம் கரைஞ்சிடும்ணா, கையெழுத்துப் போடுங்க” என்று தொலைபேசியில் சொன்னாய். அங்கொன்றும் இங்கொன்றுமான பிழை கரையலாம். இது மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்த பிழை. அழுத்தம் சீராக இருந்தும் சிறுநீரகம் கெட்டது என்று உன் கட்டுரை சொல்லும். அதை நம்பி எங்கோ ஒரு மருத்துவர் எவருடைய இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்துவார்.

உன் பல ஆண்டு உழைப்பு இது என்பதை அறிவேன். என்மேல் வருத்தம் இருந்தால் இருக்கட்டும். அக்காவிடம் மட்டும் பேசு. ஆய்வைப் பற்றி வேண்டாம், வேறு எதையாவது பேசு. உன் குரல் கேட்ட நாளில் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுகிறாள்.

நீ நன்றாயிருக்க வேண்டும். நாளைக் காலை அப்பிரிவின் பதிவுகளை ஆய்வுகளுக்குத் தருவதை நிறுத்திவைக்கச் சொல்லி ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு எழுதுவேன். அந்தக் கட்டத்தில் ‘அளக்கவில்லை’ என்று பதிய ஓர் இடம் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்