பூனை எங்கேயும் போகாது

அண்ணா,

பூனையைக் கொண்டுபோக நான்கு மணிக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறாயாம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வர வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடு. பூனைக் கூடையைத் தேடாதே, நான் வேலை செய்கிற பேக்கரிக்கு என்னோடு எடுத்துப் போகிறேன்.

டாக்டர் சொன்னதை நான் மறைக்கவில்லை. எனக்கு இழுப்பு வருவது பூனையால்தான். அதன் முடியால்கூட இல்லை, தோலிலிருந்து உதிர்கிற பொடியால். “நீங்க படுக்கிற அறைக்குள்ள விடாதீங்க, மருந்தைத் தவறாம எடுங்க, ஒரு மாசம் பாப்போம்”னுதான் சொன்னார். துரத்தச் சொல்லவில்லை. மூச்சு என்னுடையது, முடிவும் என்னுடையது.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ.

உன் தலையணை உறையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். ஒரு கைப்பிடி ஆரஞ்சு முடி இருந்தது. நாளெல்லாம் சலூனில் முடி வெட்டுகிறவன் நீ, அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? காலையில் நான் கிளம்பியதும் அதைக் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்க வைப்பது யார்?

என் அறைக் கதவை மட்டும் சாத்தி வை.

பி.கு: அதை அனுப்பியிருந்தால் நீதான் அழுதிருப்பாய். என் இழுப்புக்காவது மருந்து இருக்கிறது.