19ஆம் எண் வீட்டுச் சுவரைத் தாங்கள் பார்க்கும்வரை யாரும் துளைக்காதிருக்க வேண்டி

அனுப்புநர்
மாவிஸ் அக்ராய்ட் (திருமதி),
13, ஹேசல் தெரு,
கில்பெக், யார்க்‌ஷயர்.

பெறுநர்
தலைமைக் கட்டட ஆய்வாளர் அவர்கள்,
நகர மன்ற அலுவலகம்,
கில்பெக்.

பொருள்: 19, ஹேசல் தெருவில் விறகுக் கணப்பின் நச்சுக்காற்றால் என் தங்கை ஐலீன் சக்டன் இறந்தது – அவ்வீட்டு வெளிச்சுவரைத் தங்கள் முன்னிலையில் பிரித்துப் பார்க்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த விஷயமாக நான் எழுதும் மூன்றாவது மனு இது. முதல் இரண்டுக்கும் தங்கள் அலுவலகம் என் துயரத்தில் பங்குகொள்வதாகப் பதில் வந்தது. பங்கு கேட்டு நான் எழுதவில்லை. ஆள் அனுப்பச் சொல்லி எழுதினேன்.

1. ஐலீனும் அவள் கணவர் டெரெக்கும் சென்ற வசந்தத்தில் கூடத்திலிருந்த கேஸ் கணப்பை எடுத்துவிட்டு விறகுக் கணப்பு வைத்தார்கள். கேஸ் விலை ஏறியதிலிருந்து அதைப் பற்றவைக்க மனம் வராமல், அவள் வீட்டுக்குள்ளேயே மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலியால் மாடி ஏற முடியாது, கூடத்திலேயே கட்டில். நோய் கண்டு வெட்டிய மரங்களை டெரெக் கேட்டு வாங்கிவந்து கோடை முழுவதும் பிளந்து காயவைத்தார். உரிமம் பெற்றவர்தான் கணப்பைப் பொருத்தினார். புகைபோக்கிக்குள் புதுக் குழாய் இறக்கினார். தீ எரிய வெளிக்காற்று வரவேண்டும் என்று, சோபாவுக்குப் பின்னால் சுவரிலுள்ள காற்றுத்துளை திறந்திருக்கிறதா என்றும் பார்த்தார். அன்று திறந்திருந்தது.

2. அக்டோபரில், தங்கள் மன்றத்தின் குளிர்தடுப்புத் திட்டத்தில் எங்கள் தெரு வீடுகளின் வெளிச்சுவரெல்லாம் குளிர் தடுக்கும் பலகை ஒட்டிப் பூசப்பட்டன. இலவசம் என்பதால் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கணுக்காலைக் கடித்த வாடைக்காற்று நின்றது. தெருவே மெச்சியது. ஐலீன் வேலையாட்களுக்குத் தேநீரும் இஞ்சிக் கேக்கும் கொடுத்து, "அந்தப் பாழாப்போன காத்த நிறுத்தினீங்களே தம்பி, நல்லா இருப்பீங்க" என்று வாழ்த்தினாள். அது ஏன் நின்றது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

3. நவம்பரில் முதல் உறைபனி விழுந்தது. டெரெக்குக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. கிளம்பும்முன் கணப்பில் கட்டைகளை நிரப்பி, காற்றுத் திருகைக் குறைத்து, விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும்படி மூடிவைத்துப் போனார். நிலக்கரி எரித்த காலத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். எங்கள் அம்மாவும் செய்தாள். காலையில் அவர் திரும்பியபோது நச்சுக்காற்று எச்சரிக்கைக் கருவி அலறிக்கொண்டிருந்தது. ஐலீன் காதுக்கருவியைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்குகிறவள். அவளுக்கு அது கேட்கவே இல்லை.

4. விசாரணைக்கு வந்த தங்கள் அலுவலர் காற்றுத்துளையின் உள்பக்கத்துச் சல்லடை மூடியைப் பார்த்து, துளை இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். வெளியே மழை, போய்ப் பார்க்கவில்லை. கணப்பை மூடிவைத்ததே மரணத்துக்குக் காரணம் என்று முடிவாயிற்று. அதாவது, டெரெக். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மதுக்கடையில் ஒருவர், "கேஸ் செலவ மிச்சம் பண்ணப் போயி பொண்டாட்டி செலவையும் மிச்சம் பண்ணிட்டான்" என்றாராம். டெரெக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதன்பின் அவர் எங்கும் போவதில்லை.

5. அடக்கம் முடிந்து சில நாட்களில் அந்த வீட்டைக் கூட்டப் போனேன். வெளியே மரத்தை முறிக்கிற காற்று. சல்லடைமேல் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பார்த்தேன். அது அசையவில்லை. வெளியே போய்ப் பார்த்தால், துளை இருக்கவேண்டிய இடத்தில் வழவழவென்று பூச்சு. பலகையைத் துளையின்மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். என் வீட்டிலும் அப்படியே. ஓடிப்போய் டெரெக்கிடம் சொன்னேன். "என் மனசு ஆறணும்னு சொல்றீங்க, மாவிஸ். மூடி வெச்சது என் கைதானே" என்றார். ஐயா, அவளைக் கொன்றது அந்தக் கையல்ல. வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

6. நேற்று, பலகை ஒட்டிய ஒப்பந்தக்காரரின் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, 9ஆம் எண் வீட்டுச் சுவரைத் துளைத்துப் புதுச் சல்லடை வைத்துப் போனார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, சின்ன மெருகு வேல" என்றார். மெருகுக்காகச் சுவரைத் துளைப்பதை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. வரும் திங்கட்கிழமை 19க்கு வருவாராம். துளைத்துவிட்டால், அது முதலிலிருந்தே அங்கே இருந்தது என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்கள்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். மற்ற வீடுகளை இன்றே துளைக்கச் சொல்லுங்கள். என் வீட்டையும் துளைக்கட்டும். அது எனக்குச் சாட்சியாக வேண்டாம். 11ஆம் எண்ணில் கைக்குழந்தை இருக்கிறது. அவர்களும் விறகுதான் எரிக்கிறார்கள். எச்சரித்தேன். "துளைதான் இருக்கே" என்று உள்சல்லடையைக் காட்டுகிறார்கள். 19ஐ மட்டும் தாங்கள் வரும்வரை தொடவேண்டாம். அங்கே இப்போது யாரும் தீ மூட்டுவதில்லை. டெரெக் மேல்கோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பலகையைப் பிரிக்கும்போது அவர் பக்கத்தில் நிற்கவேண்டும். என் சொல்லை அவர் நம்பவில்லை. தங்கள் சொல்லை நம்பக்கூடும்.

இன்று காலை அவர் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். காய்ந்த விறகு முழுவதையும் 11ஆம் எண்ணுக்குக் கொடுத்துவிடச் சொன்னார், தனக்கு இனி வேண்டியிருக்காது என்று. நான் கொடுக்கவில்லை. சாவியையும் அவர் மேசைமேலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தேன். இம்மனுவைத் தபாலில் போடாமல் நேரில் கொண்டுவந்து தருவதும் அதனால்தான். திங்கட்கிழமைக்குள் வாருங்கள், ஐயா.

இடம்: கில்பெக்
நாள்: 9 பிப்ரவரி 2024

இப்படிக்கு,
ஐலீனின் அக்காள்,
மாவிஸ் அக்ராய்ட்